சிலுவை வைக்காத வீடு

உவெசான் தீவு, லம்போல்
9 நவம்பர் 1808

பாவோலுக்கு அண்ணி பார்பா எழுதிக்கொள்வது.

நீ உயிரோடு இருப்பது போன வாரம்தான் எங்களுக்குத் தெரிந்தது. கை போய்விட்டதால் இங்கிலீஷ்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்ட மொலேன் தீவுக்காரர் ஒருவர், படகைவிட்டு இறங்கியதும் நம் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். பிளிமத் துறையில், பிடிபட்டவர்களை அடைத்து வைத்திருக்கும் பழைய கப்பலில் உன்னைப் பார்த்தாராம். "ஆளு எலும்பாப் போயிட்டான். ஓயாம இருமுறான். வாய்க்கொழுப்பு மட்டும் கொறையல" என்றார். உன் அம்மா சிரிப்பும் அழுகையுமாக அவருக்கு வாற்கோதுமைக் கஞ்சி ஊற்றினார்கள்.

உன் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். அவர் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியாது தாயி" என்றார். தெரியாதவர்கள் முகத்தைப் பார்த்தல்லவா சொல்வார்கள்?

போன வருஷம் பெய்சான் கப்பல் எதிரி கையில் சிக்கியது என்று கேள்விப்பட்டதிலிருந்து வீட்டில் சண்டைதான். நம் தீவிலிருந்து அதில் போனது நீ, உன் அண்ணன், வடக்குத் தெரு ரியோக். ரியோக் விழுந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதனால் அவன் வீட்டில் ப்ரோயெல்லா நடந்துவிட்டது. மெழுகுச் சிலுவையை மேசையில் வெள்ளைத்துணி மேல் கிடத்தி, அதுதான் ரியோக் என்று விடிய விடிய அழுதோம். மறுநாள் சாமியார் வந்து கோயிலுக்கு எடுத்துப்போனார். கடல் உடம்பைக் கொடுக்காவிட்டாலும் புருஷன் வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று அவன் பெண்டாட்டிக்கு ஒரு நிம்மதி.

உன் அண்ணன் கூல்வெனுக்கும் செய்துவிட வேண்டும் என்று அத்தை ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். "எம்புள்ள எத்தனை நாளைக்குடீ தண்ணிக்குள்ள நடுங்கிக்கிட்டுக் கெடப்பான்? சிலுவைய வெச்சு உள்ள கூப்பிடு" என்கிறார்கள். நான் முடியாது என்றுவிட்டேன். சிலுவை வைத்த பிறகு உயிரோடு வந்து வாசலில் நின்றவன் இந்தத் தீவில் உண்டா? இல்லை. நானே என் கையால் அவர் வரும் வழியை அடைக்க மாட்டேன்.

இன்னொன்று. கப்பல் சாகவில்லையே, பாவோல்! நான் தினமும் பார்க்கிறேன். பேர்ன் முனைக்கு வெளியே, நம் ப்ரெஸ்ட் துறையை மறித்து நிற்கும் இங்கிலீஷ் கப்பல்களோடு நம்முடையதும் நிற்கிறது. மஞ்சள் பட்டை அடித்திருக்கிறார்கள். வேற்றுக்கொடி. ஆனால் பின்னால் சாய்ந்த அந்தக் கடைசிப் பாய்மரத்தை யார் மறப்பார்கள்? முதல் பயணத்துக்கு அவர் அதில் ஏறியபோது, முகப்பில் அரிவாளோடு நிற்கும் மரப்பெண்ணைக் காட்டி, "பாத்தியா, உன்னையே செதுக்கி வெச்சிருக்கான்" என்றார். "நான் இவ்வளவு குண்டா?" என்று கேட்டு அடித்தேன்.

அவர் இருக்கிறாரா? இதை மட்டும் எழுது.

பார்பா


பிளிமத் துறை, கைதிக் கப்பல்
20 ஜனவரி 1809

அண்ணி,

உங்கள் கடிதம் பிரித்த கடிதமாகத்தான் வந்தது. இங்கே எல்லாவற்றையும் ஒருவர் படித்துவிட்டுத்தான் தருவார். நம் பிரெத்தோன் பேச்சு அவருக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையைத் தலையை ஆட்டுவார்.

என் இருமல் பரவாயில்லை. அடித்தட்டிலிருந்து மேலே மாற்றிவிட்டார்கள். இப்போது சன்னல் பக்கம் படுக்கிறேன், ராஜா மாதிரி. சாப்பாடு உப்புக் கருவாடு. ஒருநாள் தின்பது, மறுநாள் அதையே விற்பது, மூன்றாம் நாள் வாங்கினவனே நாற்றம் தாங்காமல் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பது. அம்மாவிடம் நன்றாகத் தின்கிறேன் என்று சொல்லுங்கள்.

கப்பல் கதையைக் கேளுங்கள். பெரிய பாய்மரம் முறிந்து விழுந்து, கப்பல்தலைவர் செத்து, வேறு வழியில்லாமல்தான் கொடியை இறக்கினோம். ஓடவில்லை. இதை யார் கேட்டாலும் சொல்லுங்கள். அப்புறம் எங்களை இங்கே அடைத்தார்கள், பெய்சானை எங்கள் கண் எதிரிலேயே பட்டறையில் ஏற்றினார்கள். புது மரம், புதுப் பாய், புது வர்ணம். தினமும் இந்தச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். பெண் கொடுத்த வீட்டுக்காரன் மாதிரி. முகப்பில் நின்ற உங்கள் சாயல்காரி கையிலிருந்த அரிவாள் கயிற்றில் மாட்டுகிறது என்று தச்சன் அறுத்து எறிந்துவிட்டான். வெறும் முஷ்டியோடு நிற்கிறாள். பேர் சொல்ல இவர்கள் நாக்குக்கு வரவில்லை. பெய்சான் என்றால் குடியானவள் என்று எத்தனை தடவை சொல்லியும், 'ஃபெசன்ட்' 'ஃபெசன்ட்' என்கிறார்கள். அது இவர்கள் ஊர்க் காட்டுக்கோழியாம். "குடியானவச்சியக் கோழியாக்கிட்டானுங்கடா" என்று நாங்கள் சிரித்தோம். அதுதான் அந்த வருஷம் நாங்கள் சிரித்த சிரிப்பு.

அண்ணனைப் பற்றி. சண்டையின்போது நான் கீழே மருந்து அறையில் இருந்தேன். மேலே நடந்தது எனக்குத் தெரியாது. அப்புறம் எனக்குக் காய்ச்சல், பல நாள் நினைவில்லை.

சிலுவை மட்டும் வேண்டாம் அண்ணி. அம்மா அழுதால் அழட்டும். வேண்டாம்.

பாவோல்


லம்போல்
27 மார்ச் 1809

பாவோல்,

நீ அவர் செத்துவிட்டார் என்றும் எழுதவில்லை, இருக்கிறார் என்றும் எழுதவில்லை. கருவாட்டுக்கு இவ்வளவு எழுதினவனுக்கு அண்ணனுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. நான் படிக்காதவள்தான். கன்னியாஸ்திரீ சொல்லிக்கொடுத்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதுகிறவள்தான். ஆனால் எழுதாமல் விட்டதைப் படிக்க எனக்குத் தெரியும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

ப்ரெஸ்ட்டுக்குத் தானியம் கொண்டுபோன படகுகள் நம் ஆட்டுக்கால் பாறைகளுக்கு உள்பக்கம் ஒதுங்கி நின்றன. எதிரிக் கப்பல் எதுவும் அங்கே வராது என்று அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நம்பிக்கை. பெய்சான் வந்தது. நீர் வற்றுகிற நேரத்தில், பாறை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, நடுவே புகுந்து, கோயிலுக்குள் வருகிறவள் மாதிரி நிதானமாக வந்தது. படகுகளைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. ஒரே ஒரு தடவை சுட்டார்கள். சோவாஸ் புருஷன் ஜாகெஸ் அதில் போய்விட்டான். உடம்பு கிடைத்தது. அவன் வீட்டில் மெழுகுக்கு வேலையில்லை.

நம் வீட்டு மேற்குச் சுவருக்கு வசந்தத்தில் சுண்ணாம்படிப்பது எதற்கு என்று உனக்குத் தெரியும். அந்த வெள்ளைச் சுவரையும் அதன் பின்னால் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடித்து வந்தால்தான் ஆட்டுக்காலைத் தாண்ட முடியும். நான் அன்று வாசலில் நின்றேன். கப்பலின் மூக்கு என்னையே பார்த்து வந்தது. நம் கிணற்றடி வரைக்கும் வந்துவிடுமோ என்றிருந்தது. அப்புறம்தான் திரும்பியது. எங்கே திரும்ப வேண்டுமோ சரியாக அங்கே. எத்தனையோ சாயங்காலம் உன் அண்ணன் மீன் படகை அப்படித் திருப்புவதை அதே இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கடற்பாசி அரிக்கப் போன இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். "இங்கிலீஷ்காரன் தானா கண்டுபிடிச்சு வர்ற வழியா இது? நம்ம ஆளு எவனோ அதுல நின்னு வழி சொல்றான்" என்றாள் ஒருத்தி. "எவன்னு கேக்கிறியாக்கும்? அந்தக் கப்பல்ல போனவன்ல யாரு வீட்டுல சிலுவை வெக்கலயோ அவன்தான்" என்றாள் இன்னொருத்தி. நான் பாறைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவர்களுக்குத் தெரியாது.

சோவாஸ்தான் அவளை அதட்டினாள். "வாயக் கழுவுடீ. கூல்வெனு என் கல்யாணத்துல மாலை தூக்குனவன்" என்றாள்.

இந்தக் கடிதத்தை மொலேன்காரர் கையில்தான் கொடுக்கிறேன். கடலில் மீன் வாங்க வரும் இங்கிலீஷ் படகு வழியாக அனுப்ப அவருக்கு வழி தெரியும். நீயும் அதே வழியில் எழுது. ஆமா, இல்லை, அது போதும்.

பார்பா


பிளிமத், கரை ஆஸ்பத்திரி
14 ஜூன் 1809

அண்ணி,

ஆமாம்.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று யோசித்துப் படுக்க முடியவில்லை.

பிடிபட்ட கொஞ்ச நாளில் எனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. அடித்தட்டில் படுத்தவன் எழுந்ததில்லை. இங்கிலீஷ்காரர்கள் உவெசான் பாறைகள் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் போய், "என் தம்பியைக் கரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வருகிறேன்" என்றிருக்கிறார். முதலில் மேல்தட்டு, அப்புறம் கரை. எனக்கு நினைவு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவர் அங்கே மாட்டேன் என்று சொன்னால் நான் இங்கே மறுபடி அடித்தட்டுக்கு. நான் செத்தாலும் பரவாயில்லை, விட்டுவிடு என்று கெஞ்சினேன். "நீ வாய மூடு, காய்ச்சல்ல உளர்ற" என்றுவிட்டார். அப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை அண்ணி.

தண்ணீரும் ரொட்டியும் ஏற்றக் கப்பல் வரும்போதெல்லாம் என்னைப் பார்க்க வருவார். போன மாதம் வந்தார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஜாகெஸ் பேர் வந்ததும், "எந்த ஜாகெஸு?" என்றார். அவருக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. "நான் வழி மட்டும்தான் சொல்றேன் பாவோலு. பீரங்கி பக்கம் போறதில்ல" என்றார். நான் கடிதத்தை மடித்தேன். "சொல்லுடா, வழி மட்டும்தான் சொல்றேன்" என்றார் மறுபடியும்.

அந்தப் பாறைகளைத் தாண்ட வேறு அடையாளங்களும் உண்டாம். நம் சுவரை அவர் பிடிக்கத் தேவையில்லையாம். "அதப் பாத்தா அவளப் பாத்த மாதிரி இருக்கு. ஒருநாள் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. நீலப் பாவாடை" என்றார்.

சமாதானம் வந்தால் கைதிகளோடு கைதியாக வீட்டுக்கு வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்காகத்தான் சிலுவை வேண்டாம் என்று எழுதினேன். நம் அதிகாரிகள் கையில் சிக்கினால் தூக்குதான். ஊர் கையில் சிக்கினால் அதுகூட இல்லை.

நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதை அவரிடம் சொல்கிறேன்.

பாவோல்


லம்போல்
3 அக்டோபர் 1809

பாவோல்,

நீ எழுதினதைப் படித்து அடுப்பில் போட்டேன். ரொம்ப நாள் பதில் எழுதவில்லை. யாரிடம் கேட்பது? அத்தையிடம் சொன்னால் அவர்கள் நெஞ்சு வெடித்துவிடும். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். ஆனால் அவர் அப்பம் தரும்போது என் முகத்தைப் பார்ப்பாரே.

ஆகஸ்ட்டில் சோவாஸும் மற்றப் பெண்களும் கரித்தண்ணீரும் சேறும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்கள். "உன் சொவரு வெள்ளையா இருக்கிற வரைக்கும் அந்தக் கப்பல் வரும் பார்பா. மெழுகிடப் போறோம்" என்றாள் சோவாஸ். இன்னொருத்தி, "இப்ப வேணாம். மேகமூட்டத்துல அது உள்ள வர்ற நேரமாப் பாத்து மெழுகினா பாறையில மோதி ஒழியும்" என்றாள். எல்லாரும் சரி சரி என்றார்கள்.

நான் சொன்னேன்: "ஒடஞ்சா பொணமெல்லாம் யார் கரையில ஒதுங்கும்? குழி வெட்டப் போறது நம்ம வீட்டு ஆம்பளைங்களா? எல்லாம் கடல்லயும் ஜெயில்லயும் கெடக்குறானுங்க. நாமதான் வெட்டணும். பகல்லயே மெழுகுவோம். அவனுங்க பாத்துட்டுப் போகட்டும்."

சோவாஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம், "எனக்கும் முதுகு வலிக்குது. பகல்லயே மெழுகுவோம்" என்றாள்.

மறுநாள் வெயில். கப்பல் முனைக்கு வெளியே நின்றது. நான்தான் முதல் கை வைத்தேன், பாவோல். சேற்றை அள்ளி நடுச்சுவரில் அறைந்தேன். அவர் தூரக்கண்ணாடியில் பார்த்திருப்பார். அன்று நீலப் பாவாடைதான் கட்டியிருந்தேன். வேறு துவைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவருடைய ஞானத்தகப்பன் லோயிஸ் வீட்டுக்குப் போய், "ப்ரோயெல்லா சொல்லிக் கதவைத் தட்டுங்க மாமா" என்றேன். "ரெண்டு வருஷமா வேணாம்னவ இப்ப என்னாச்சு உனக்கு?" என்றார். "கனவுல வந்தாரு. நனைஞ்சு நின்னாரு" என்றேன். பொய்தான். ஆனால் நம் ஊரில் யாரும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

இருட்டியதும் லோயிஸ் மாமா தடியால் கதவைத் தட்டினார். "இன்னிக்கு உன் வீட்டுல ப்ரோயெல்லா, மகளே" என்றார். அத்தை ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்கள். நிஜமாகவே மகன் வந்தது மாதிரி. மெழுகுச் சிலுவையைத் துணியில் வைத்ததும் தடவித் தடவி, "வந்துட்டியா? இத்தனை நாள் எங்கடா சுத்துன? பாரு, கையெல்லாம் சில்லுன்னு இருக்கு" என்று திட்டினார்கள். விளக்கை அதன் பக்கமாக நகர்த்தி வைத்தார்கள், குளிருமாம். பிறகு உருகிவிடுமே என்று பதறித் தள்ளி வைத்தார்கள்.

செபம் சொல்ல யாரும் முன்வரவில்லை. முணுமுணுப்பு இருந்தது. சோவாஸ் எழுந்து வந்து முழங்காலிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். "கூல்வெனின் ஆத்துமத்துக்காக" என்று ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொன்னாள். ஜாகெஸுக்கு அழுத அதே குரல். இடையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பிடுங்கிக்கொள்ளவில்லை. எப்படிப் பிடுங்குவது?

இப்போது ஊரில் யாரும் அவர் பேரைக் கப்பலோடு சேர்ப்பதில்லை. சிலுவை வைத்த வீடாயிற்றே. உன் அம்மா தெருவில் நிமிர்ந்து நடக்கிறார்கள்.

அவரிடம் சொல்: நீங்கள் இங்கே செத்துவிட்டீர்கள். கோயிலில் இருக்கிறீர்கள். சமாதானம் வந்தாலும் வர வேண்டாம். வந்தால் உங்கள் அம்மா பைத்தியமாகிவிடுவார்கள். சோவாஸ் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வாள்.

கோபத்தில் செய்தேனா என்று கேட்டால், தெரியாது என்று சொல்.

பார்பா


பிளிமத்
11 பிப்ரவரி 1810

அண்ணி,

கப்பல் பழுதுபார்க்க வந்திருந்தது. அண்ணன் வந்தார். நீங்கள் எழுதினதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

சுவரைப் பார்த்தாராம். "அவ மெழுகுறதப் பாத்தப்பவே புரிஞ்சிடுச்சு" என்றார். அன்றைக்கே தலைவரிடம் போய், அடையாளம் போய்விட்டது, இனி என்னால் முடியாது என்று சொல்லிவிட்டாராம். மற்ற அடையாளங்களைப் பற்றி மூச்சு விடவில்லை. கண்ணால் பார்த்ததை அவர்கள் எப்படி மறுப்பார்கள்? அவர்மேல் பழி வரவில்லை. என்னையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.

அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். யார் கதவைத் தட்டினது? லோயிஸ் மாமாவா, அவருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா என்ன சொன்னார்கள்? எந்தத் துணி போட்டார்கள், கல்யாணத் துணியா? கூட்டம் வந்ததா? ஊர்க் கல்யாணத்தை விசாரிக்கிற மாதிரி கேட்டார். "ரியோக்குக்கு வந்ததவிட அதிகமா?" என்றுகூடக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது. செபம் சொன்னது சோவாஸ் என்றதும் தொப்பியை முகத்தின்மேல் வைத்துக்கொண்டார்.

கப்பலை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்புகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊர். அண்ணனும் அதில்தான் போகிறார், சும்மா கயிறு இழுக்கிறவனாக. "நல்லதுதான். அங்க எனக்குத் தெரிஞ்ச பாறை ஒண்ணும் கெடையாது" என்றார்.

படகில் ஏறும்போது திரும்பி, "பார்பா அழுதாளா?" என்றார். நீங்கள் அதை எழுதவில்லையே. தெரியாது, கேட்டு எழுதுகிறேன் என்றேன். கப்பலில் போகிற இன்னொருவன் எனக்கு வேண்டியவன். அவன் மூலம் செய்தி போகும், வரும்.

என்ன சொல்லட்டும்?

பாவோல்


லம்போல்
30 ஏப்ரல் 1810

பாவோல்,

அழுதேன் என்று எழுதிவிடு.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அழவில்லை. வீடு முழுக்க அழுதது, எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. உயிரோடு இருக்கிறவரை மேசையில் வைத்துக்கொண்டு எப்படி அழுவது? அவர் அந்த நேரம் முனைக்கு வெளியே நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்திருப்பார். "பாவம், துக்கம் அவளுக்கு நெஞ்ச அடைச்சிடுச்சு" என்றார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது கப்பல் இல்லை. முனைக்கு வெளியே வேறு என்னென்னவோ நிற்கின்றன, பார்ப்பதில்லை. போன ஞாயிறு அத்தை, "நீ சின்னவ. எம்புள்ள போய்ச் சேந்துட்டான். நல்லவனாப் பாத்துக் கேளு, நான் தடுக்க மாட்டேன்" என்றார்கள். இந்த ஊரில் கல்யாணத்துக்குப் பெண்தான் கேட்க வேண்டும், கேட்காமல் இருப்பதற்கு யாரும் காரணம் கேட்க முடியாது. அது ஒரு வசதி. நற்கருணைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வயிற்றுவலி என்று சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அந்த ஊர்க் காய்ச்சலிலோ வேறு எதிலோ அவர் நிஜமாகவே போய்விட்டால் எனக்கு எழுது. ஒளிக்காதே. அவருக்கு வைக்க வேண்டிய சிலுவையை வைத்துவிட்டோம், இன்னொன்று வைக்க முடியாது, யாரும் வரமாட்டார்கள், அதெல்லாம் தெரியும். ஆனாலும் எழுது. வாய்விட்டு அழ எனக்கு ஒருநாள் வேண்டும். அத்தை கேட்டால் ஆடு செத்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

பார்பா